கோழி அடைகாத்த மின்சாரம்

1

நான் ஓட்டும் பேருந்துக்கு எஞ்சின் இல்லை. நோர்வேயில், பேர்கன் என்ற மழைப் பட்டினத்தில், ஒரு மலைச்சரிவில் ஏறியும் இறங்கியும் பிழைப்பு நடத்துகிறேன். மின்சாரப் பேருந்து. கிளப்பினால் சத்தம் வராது; வந்தால்தான் பயப்படவேண்டும். காலையில் தரிப்பிடத்துக்குப் போனால் வண்டி வயிறு நிரம்பி நிற்கும். இரவில் யாரோ செருகுவார்கள், விடிய யாரோ கழற்றுவார்கள். நான் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புறப்படுவேன்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து இருபத்தைந்து வருடம். தரிப்பிடத்தில் கேக் வெட்டினார்கள். மேலாளர், நல்ல மனிதர், சிரிக்கத்தான் தெரியாது, என்னிடம் கேட்டார்: இந்த இருபத்தைந்து வருடத்தில் நீ கற்றுக்கொண்ட மிகப் பயனுள்ள விடயம் என்ன? எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார்ஜ் ஏற்றும்போது வருகிற இழப்பு" என்றேன். எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மேலாளர் யோசித்துவிட்டு, அது ஓட்டுநர் கையேட்டில் இருக்கிறதே, உனக்கு முதல் நாளே தந்தோமே என்றார். இந்த நாட்டில் பகிடி விடுவதென்றால் முதலில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு விடவேண்டும்.

கையேட்டில் இருப்பது எனக்கும் தெரியும். அந்தப் பக்கத்தை நான் படிக்காமல் புரட்டிவிட்டேன். நோர்வே மொழியில் அச்சடித்த பக்கங்களில் சோதனைக்கு வராதவற்றைப் புரட்டிவிடுவது என் பழக்கம். என் நோர்வே மொழியை மகள் திருத்துவாள், அவளுடைய தமிழை நான் திருத்துவேன், இரண்டு பேரும் களைத்துப்போய்ச் சாப்பிட உட்காருவோம். அப்படிப்பட்ட வீட்டில் கையேடு யார் படிப்பது?

அந்தப் பக்கத்தைப் படிப்பதற்கு நான் வன்னிக்கு, பூநகரிப் பக்கம் இருக்கிற எங்கள் ஜெயபுரத்துக்குப் போகவேண்டி வந்தது. படிப்பித்தது ஒரு கோழி.

2

எனக்கு ஒரே ஒரு தம்பி, சிவனேசன். என்னைவிட ஆறு வயது இளையவன். ஜெயபுரத்தில் நெல் விதைக்கிறான், கொஞ்சம் கச்சான் கடலை போடுகிறான். அளந்துதான் பேசுவான். அவன் பேசவேண்டியதையும் சேர்த்து நான் பேசிவிடுவதால் எங்கள் குடும்பத்தில் கணக்குச் சரியாக வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் எடுத்து மூன்று வருடமாக அவனுக்கு மின்சார வண்டிப் புராணம் பாடினேன். பெற்றோல் மணம் இல்லை, எண்ணெய் மாற்றத் தேவையில்லை, படுக்கப்போகும்போது செருகிவிட்டால் விடிய நிரம்பிக் கிடக்கும் என்று புழுகினேன். அவன் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றான். கேட்கவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஓம் போடுகிறான் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் போனில் ஒரு படம் வந்தது. முருங்கை மரத்தடியில் ஒரு பழைய, சின்ன, வெள்ளை மின்சாரக் கார். கீழே அவன் எழுதியிருந்தான்: நீங்கள்தானே சொன்னனீங்கள்.

அதுவரைக்கும் என் பேச்சுக்கு யாரும் சில்லுப் பூட்டி றோட்டில் இறக்கியதில்லை.

காரை ஆள் ஏற்றி ஹயருக்கு ஓடுவதுதான் அவன் திட்டம். எங்கள் பக்கம் பஸ்ஸை நம்பிப் பயணம் புறப்படுகிறவன் கையில் மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு புறப்படுவான். கிளிநொச்சியிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாளாந்தம் மூன்று ரீச்சர்மார் வருகிறார்கள். அவர்களை ஏற்றிவந்த வான்காரர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். மூவருக்கும் தலைவி பத்மினி ரீச்சர், விஞ்ஞானம் படிப்பிப்பவர். அவர் தம்பிக்கு ஒரு கிழமை தவணை கொடுத்தார். திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் ஏற்றிக்கொண்டுவந்து, பள்ளி விட்டதும் கொண்டுபோய் விடவேண்டும். ஒழுங்காக நடந்தால் வருட முடிவு வரை அவன்தான்.

ஒழுங்கு என்றால் என்னவென்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் கையெழுத்து வைக்கிற புத்தகம் ஒன்று அதிபர் மேசையில் இருக்கும். ஏழரை ஆனதும் அதிபர் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவர் ஆசிரியர். கீழே வைத்தவர் குற்றவாளி. பத்மினி ரீச்சர் தன் சேவைக்காலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான் கீழே வைத்தவராம். ஒருநாள் பிந்தினால் பொறுப்பேன், இரண்டாம் நாளும் பிந்தினால் வேறு வாகனம் பார்ப்பேன் என்று தம்பியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

நான் லீவு எடுத்துக்கொண்டு அந்தக் கிழமைக்கே போய் இறங்கினேன். தம்பிக்குத் துணையாகப் போகிறேன் என்றேன். வீட்டுக்காரர், நீ உன்ர வாயைக் காப்பாற்றப் போறாய் என்றார். மகள் ஆரணி வரவில்லை. பதினேழு வயது, ஐஸ்கிரீம் கடையில் கோடைகால வேலை. அவளுக்கு ஜெயபுரம் என்பது என் போனுக்குள் மாமாவின் தலைக்குப் பின்னால் தெரிகிற ஒரு மஞ்சள் சுவர். சின்னதில் அந்தச் சுவரைப் பார்த்துக் கையசைப்பாள். இப்போது அதுவும் இல்லை.

3

ஜெயபுரத்தில் கார் கேற்றடியில் நின்றது. தகரக் கொட்டில் ஒன்று போட்டு, மூக்கு றோட்டைப் பார்த்தபடி நிறுத்தியிருந்தான். வீடு நாற்பது மீற்றர் உள்ளே. குசினி யன்னலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வயர் புறப்பட்டு, வேலிக் கதியால் தடிகளில் தொங்கித் தொங்கிக் கேற்றுக்குப் போனது. மொத்தம் நூறு மீற்றர் வயர். நாற்பது போக மிச்சத்தை வட்டமாகச் சுருட்டி, குசினிச் சுவரோடு வைத்து, பனி படாமல் உரப்பை ஒன்றால் மூடியிருந்தான்.

நான் நிபுணர் அல்லவா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தேன். சுருளைத் தட்டிக்கொடுத்து, நல்ல வேலை, நோர்வேயிலும் இப்படித்தான் நேர்த்தியாக வைப்பார்கள் என்று சான்றிதழ் கொடுத்தேன். பிறகு கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு வரும், பத்து மணித்தியாலம் செருகினால் இவ்வளவு, காரின் பற்றறி இவ்வளவு, ஆகவே விடிய நூறு வீதம். அடியில் இரண்டு கோடு கீறினேன். தம்பி அந்தத் தாளை எடுத்துக் குசினிக் கதவில் குத்திவைத்தான்.

திங்கள் விடியப்புறம் கார் எழுபத்தொன்று என்றது.

எழுபத்தொன்றை வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். ஏசியை நிறுத்தினான். கண்ணாடிகளை இறக்கிவிட்டான். மடிப்புக் குலையாத சேலையோடு ஏறிய மூன்று ரீச்சர்மாரும் கிரவல் றோட்டுப் புழுதியில் குளித்து இறங்கினார்கள். ஆனாலும் ஏழு இருபத்தைந்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். பின்னேரம் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும் வழியில் தம்பி போன் எடுத்தான். திரையில் ஒரு ஆமைப் படம் எரியுது அக்கா, என்ன செய்ய என்றான். நோர்வேக் கார்களில் ஆமை இல்லை என்று அடித்துச் சொன்னேன். பிறகு கேட்டறிந்தேன், அங்கேயும் இருக்கிறதாம். பற்றறி ஒட்ட வற்றினால்தான் தலைகாட்டுமாம். நான் கண்டதில்லை.

4

செவ்வாயும் ஒருமாதிரித் தப்பியது. பகலில், தம்பி காரைக் கொண்டுவந்து திரும்பச் செருகியதும், நான் பரிசோதனையில் இறங்கினேன். வீட்டில் காரைத் தவிர வேறெதுவும் மின்சாரம் குடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். குளிர்சாதனப்பெட்டி, மின்விசிறி, தண்ணீர் மோட்டர், எல்லாம் நிறுத்தம். தம்பியின் மனைவி வசந்தி, நான் அவளையும் அவள் என்னையும் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம், மீன் பழுதாகிவிடும் என்று முணுமுணுத்தாள். விஞ்ஞானத்துக்காக ஒரு மீன் போனால் என்ன என்றேன்.

மூன்று மணித்தியாலம் கழித்துச் சுவரிலிருந்த மின்மானி ஆறு அலகு போனது என்றது. காரின் திரையில் ஏறியிருந்த வீதத்தைக் கணக்குப் பார்த்தால் நாலு அலகுதான் வரும். ஆறு புறப்பட்டிருக்கிறது, நாலு போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் நாற்பது மீற்றர் வேலி மட்டும்தான்.

மின்மானி பொய் சொல்லுகிறது என்றான் தம்பி. கார் பொய் சொல்லுகிறது என்றாள் மச்சாள். நான் இரண்டையும் நம்பினேன், என் கலண்டர் தாளையும் நம்பினேன். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பது மட்டும்தான் பிரச்சினை.

பேர்கனில் எங்கள் வீட்டுக் காரிலும் இப்படி ஏதோ நடக்கிறதுதான். மாரியில் செருகினால் முதலில் ஒரு மணித்தியாலம் ஒன்றுமே ஏறாது. பற்றறி குளிரில் விறைத்துக் கிடக்கும். தன்னைச் சூடாக்கிக்கொண்டுதான் வாய் திறக்கும். அந்த இழப்புக்கு வீட்டுக்காரர் என்னையும், நான் அவரையும், இரண்டு பேரும் ஆரணியின் தலைமயிர் உலர்த்தியையும் குற்றஞ்சாட்டிக்கொண்டு இத்தனை வருடம் சந்தோசமாக வாழ்ந்துவிட்டோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. பனி ஈரம் வயருக்குள் இறங்கித்தான் மின்சாரம் கசிகிறது. ஆகவே சுருளை இன்னும் இறுக்கிச் சுற்றி, மேலே இரண்டாவது உரப்பை ஒன்றும் போட்டு, ஓரங்களைக் கல்லால் அமத்தினேன். பிள்ளையைப் போர்த்துப் படுக்கவைப்பது போல அவ்வளவு அக்கறை.

5

புதன் விடிய அறுபத்து நாலு.

அது போதாதென்று, வழியில் ஒரு மாட்டுப்பட்டி றோட்டை நிரப்பிக்கொண்டு ஆறுதலாகக் கடந்தது. பற்றறி போய்விடும் என்ற பயத்தில் தம்பி மீதித் தூரத்தைச் சைக்கிள் வேகத்தில் உருட்டினான். ஏழு முப்பத்து மூன்றுக்கு மூன்று கையெழுத்தும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே. பத்மினி ரீச்சர் ஏசவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்குத்தானே தம்பி, பாப்பம்" என்றாராம். ஏசியிருந்தால் அவனுக்கு மனம் ஆறியிருக்கும். வீட்டுக்கு வந்து காரைச் செருகிவிட்டு, கதவில் தொங்கிய என் கணக்கை ஒருதரம் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்து மணி போல மச்சாள் கோழியைத் தேடிக்கொண்டு வந்தாள். அடைகாக்க யாரும் முட்டை வைத்துவிடவில்லை என்ற கோபத்தில் மூன்று நாளாக வீட்டைச் சுற்றிக் கத்திக்கொண்டு திரிந்த அடைக்கோழி. சத்தத்தைக் காணவில்லை, கீரி கொண்டுபோய்விட்டதோ என்று வேலியோரமெல்லாம் பார்த்தாள். கடைசியில் பார்த்தால், அது குசினிச் சுவரோரம் என் இரண்டு உரப்பைக்கு மேலே, செட்டையை விரித்து, கண்ணைச் சொருகிக்கொண்டு, ராணி மாதிரிக் கிடந்தது.

மச்சாள் அதைத் தூக்கப் போனாள். கொத்தியது. விடாமல் தூக்கிவிட்டுக் கீழே கையை வைத்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மச்சாள், இங்க ஒருக்கா வாங்கோ. இது காய்ச்சல்காரன்ர நெத்தி மாதிரிக் கொதிக்குது."

தம்பி ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். உரப்பைகளை நீக்கினோம். சுருளின் நடுவில் வயர்த்தோல் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, கருகல் மணம் மூக்கில் அடித்தது. பக்கத்தில் காய்ந்த தென்னோலை அடுக்கிக் கிடந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் விட்டிருந்தால் குசினியே போயிருக்கும். நிபுணர் பட்டத்தை அந்த இடத்திலேயே கழற்றி வைத்தேன்.

ஆரணிக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அங்கே காலை ஆறரை. ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு சுருளைப் பார்த்தாள். நான் கேட்டதுக்கெல்லாம் ஒழுங்காகப் பாடம் நடத்தினாள். எந்த வயரும் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளுமாம், அதைச் சூடாக வெளியே விடுமாம். நீளம் கூடினால் கூட எடுக்கும், மெல்லிசாக இருந்தால் இன்னும் கூட எடுக்கும். விரித்துக் கிடந்தால் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிப் போர்த்துவைத்தால் போக இடமில்லாமல் அதுக்குள்ளேயே கூடிக் கொதிக்கும். இது போக, சுவரிலிருந்து வருவதைப் பற்றறிக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற பெட்டி காருக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் தன் பங்கை எடுக்கும். மெதுவாக ஏற்றினால் அத்தனை மணித்தியாலமும் கார் விழித்திருக்கும், விழித்திருப்பதற்கும் செலவு. சுருட்டின வயரை விரிக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பிலேயே சொல்லித் தருவார்களாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப அந்த ரெண்டு அலகும் எங்கையடி போச்சு?"

"போகேல்லை அம்மா. பாதி அந்தக் கோழிக்குக் கீழதான் இருக்குது."

பிறகு கோழியைக் காட்டச் சொன்னாள். கோழியைப் பார்த்ததும் மற்றக் கண்ணும் திறந்தது. அப்புறம் கார், கேற், வேலி, கச்சான் பாத்தி எல்லாவற்றையும் காட்டச் சொன்னாள். போனை மாமாவிடம் கொடுக்கச் சொல்லி, அரை மணித்தியாலம் அவனோடு வயர்க் கணக்குப் பேசினாள். அவளுடைய தமிழுக்கு அவன் பொறுமையாக நின்றான். இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசி நான் கண்டதில்லை. ஒரு அடைக்கோழியால் ஆன காரியம்.

முடிவு சுருக்கமானது. தடித்த வயராக வாங்கவேண்டும், நீளம் கட்டையாக வாங்கவேண்டும். காரை வீட்டோடு நிறுத்தவேண்டும்.

6

அவசரத்துக்கு, ஒட்டிக்கிடந்த இடங்களைப் பிரித்துக் கறுப்பு நாடா சுற்றி, நூறு மீற்றரையும் வேலி முழுக்க விரித்துவிட்டுத் திரும்பச் செருகினோம். அதற்குப் பிறகு நான் என் வழமையான குணத்துக்குத் திரும்பினேன். நாற்பது மீற்றர் தேவைப்பட்ட இடத்தில் நூறு ஏன்? மிச்சத்தை வெட்டி எறிய எவ்வளவு நேரம் ஆகும்? குசினிச் சுவரோடு ஒரு லொறி நிற்கிற இடம் சும்மா கிடக்க, காரைக் கேற்றடியில் கொண்டுபோய்க் கட்டுவானேன்? உனக்கென்ன விசரே என்று கேட்டேன். தம்பி எழும்பி மாட்டுப் பக்கம் போய்விட்டான்.

மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை நிறுத்தாமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

நான் நோர்வேக்கு வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். சண்டை நெருங்க, இவர்கள் ஜெயபுரத்தை விட்டு வெளிக்கிட்டார்கள். சைக்கிளில், பிறகு உழவு இயந்திரப் பெட்டியில், பிறகு நடை. முதலாவதாகத் தங்கிய இடத்தில் ஆட்டைக் கட்டக் கயிறு இல்லை. தம்பி வாளிக்கயிற்றில் பாதியை வெட்டிக் கட்டினான். மூன்றாவது இடத்தில் கிணறு ஆழம். வாளியை இறக்கினால் தண்ணீருக்கு ஒரு ஆள் உயரம் மேலே நின்று ஆடியது. பின்னால் வரிசையில் சனம். ஆடு அதற்கிடையில் எங்கேயோ துலைந்துவிட்டது, கயிறும் அதோடு போச்சு.

"நான் மூட்டையை அவிட்டு என்ர கலியாணக் கூறையை எடுத்து முடிஞ்சன் மச்சாள். தண்ணி வந்தது. இவர் அண்டைக்குப் பிறகு ஒண்டையும் வெட்டினதில்லை."

கயிறு, வயர், கொட்டில் போடுகிற தறப்பாள். மூன்றையும் நீளமாகவே வாங்குவான், நீளமாகவே வைத்திருப்பான். அடுத்த இடத்தில் எவ்வளவு தூரம் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? வாகனம் எதுவானாலும் கேற்றடியில்தான் நிற்கவேண்டும், மூக்கு றோட்டைப் பார்க்கவேண்டும். மீளக்குடியேறி எத்தனை வருடமாகியும் அவனுக்கு அதுதான் சட்டம். உடுப்புக் காயப்போடுகிற கம்பி ஒன்று வாங்கினாலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு மச்சாள் அடுத்த பாதித் தேங்காயை எடுத்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது. அவர்கள் வாளியோடு வரிசையில் நின்ற நாளில் நான் பேர்கனில் கதகதப்பான பேருந்தில் நோர்வே மொழிப் பரீட்சைக்குப் படித்திருப்பேன். அப்போது எங்கள் வீட்டு நிலக்கீழ் அறை ஞாபகத்துக்கு வந்தது. தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டி, சோறு காய்ச்சும் மின்பானை வந்த பெட்டி, இஸ்திரிப்பெட்டி வந்த பெட்டி. உள்ளே இருந்த பொருட்கள் பழுதாகிக் குப்பைக்குப் போய்ப் பல வருடம். பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த வீட்டுக்குப் போகும்போது தேவைப்படும் என்று வைத்தேன். அந்த வீட்டில்தான் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். அந்த நான்தான் தம்பியை விசரன் என்று ஏசினேன்.

7

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். வியாழனும் வெள்ளியும் மூன்று ரீச்சர்மாரும் ஏசிக் குளிரில் வந்து இறங்கி, சிவப்புக் கோட்டுக்கு நல்ல மேலே கையெழுத்து வைத்தார்கள். தம்பி இப்போதும் ஓடுகிறான். பத்மினி ரீச்சர் கோழியின் கதையை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறாராம். இழப்பு அடியோடு நின்றுவிடவில்லை, அது நிற்காது. காருக்குள் இருக்கிற பெட்டி தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சூடு ஒரு கோழி அடைகிடக்கப் போதாது.

நான் சொல்ல வந்தது புதன் பின்னேரத்தைப் பற்றி. அன்று ரீச்சர்மாரோடு நானும் பின்சீற்றில் நெருக்கியடித்து ஏறி, அவர்களைக் கிளிநொச்சியில் இறக்கிவிட்டு, தம்பியும் நானும் மின்சாரச் சாமான் கடை ஒன்றுக்குப் போனோம். எங்கள் வயதுதான் கடைக்காரருக்கு. தடித்த கறுப்பு வயர் ஒரு பெரிய உருளையில் சுற்றிக் கிடந்தது. நுனியை இழுத்துக் கையில் எடுத்துக்கொண்டு, எத்தனை மீற்றர் என்று கேட்டார்.

"நூறு" என்றான் தம்பி.

கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை. உருளையை உருட்டத் தொடங்கினார். என் வாய் தானாகத் திறந்தது. பத்து மீற்றர் போதும் என்று அங்கே மூன்று பேருக்குள் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? வாளிக்கயிறு எட்டாமல் நின்றது என் கையிலா? வாயை மூடிக்கொண்டு, தட்டில் அடுக்கியிருந்த பல்புகளைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடத்தில் நான் செய்த ஆகக் கடினமான வேலை அதுதான். நோர்வேப் பரீட்சையெல்லாம் பிறகு.

உருளை உருண்டுகொண்டிருந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஏசுவேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. நான் பல்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணை, வெட்டினால் திருப்பி எடுப்பியளோ?" என்று கேட்டான்.

வெட்டினதை எப்படி எடுப்பது தம்பி என்றார் கடைக்காரர்.

தம்பி கடைக்குள் நடந்தான். மின்விசிறிப் பெட்டிகளுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவில், வாய்க்குள் எண்ணிக்கொண்டு, அடி அடியாக. குசினிச் சுவரிலிருந்து கார் நிற்கப்போகிற இடத்துக்கு நடக்கிறான் என்று எனக்கு விளங்கியது. வாசலடியில் போய் நின்றான். வெளியே றோட்டையும் அதில் நின்ற காரையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பி வந்தான்.

"பன்னிரண்டு."

கடைக்காரர் கையை நிறுத்தினார். உங்கள் பக்கத்து ஆட்கள் எப்போதும் கூட்டித்தானே வாங்குகிறவர்கள், ஒரு பத்துப் பதினைந்து கூட விடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. கார் இனி வீட்டோடதான் நிக்கும். வெட்டுங்கோ."

குறடு வயரைக் கடிக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தேவையே இல்லாத ஒரு பல்பைக் காட்டி, அது என்ன விலை என்று கடைக்காரரிடம் கேட்டேன்.